மண் ஈரப்பதத்தை வைத்து வறட்சியை முன்கூட்டியே அறிய முடியுமா?

வேர்நுனி (வினா):
மழைப் பதிவுகளைவிட மண்ணின் ஈரப்பதமே பயிர்களின் நிலையை நேரடியாகக் காட்டும் என்கிறார்கள். ஆனால் செயற்கைக்கோள்கள் மேல்மண்ணில் ஏறக்குறைய 5 செ.மீ. ஆழத்தைத்தான் அளக்கின்றன. அப்படியானால் வேர்ப்பகுதியின் ஈரம் எவ்வாறு தெரியவருகிறது? ஒரு வரைபடம் 20 விழுக்காடு ஈரம் என்று காட்டினால், அதை வறட்சி என்று கொள்ளலாமா?

மண்வாசி:
இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், பலர் தடுமாறுவது அங்கேதான். கன அளவில் 20 விழுக்காடு ஈரம், அதாவது மண்ணின் மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு நீர், மணற்பாங்கான மண்ணில் இருந்தால் பயிருக்குத் தாராளமாகப் போதும்; அதே 20 விழுக்காடு கனத்த களிமண்ணில் இருந்தால், துகள்கள் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் வேர்கள் அதை உறிஞ்ச முடியாமல் செடி வாடிவிடக்கூடும். ஆகவே தனி எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை. அதே இடத்தில், ஆண்டின் அதே காலத்தில், பல ஆண்டுகளாகப் பதிவான அளவுகளோடு ஒப்பிட்டு, இன்றைய ஈரம் எந்தச் சதமானத்தில் நிற்கிறது, அதாவது பழைய பதிவுகளில் நூற்றுக்கு எத்தனை இதைவிடக் குறைவாக இருந்தன என்று பார்க்க வேண்டும். அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடத்தில் 11 முதல் 20 வரையிலான சதமானம் மிதமான வறட்சியாகவும், 2 அல்லது அதற்கும் கீழே போனால் உச்சநிலை வறட்சியாகவும் கொள்ளப்படுகிறது.

வான்நோக்கி:
முதல் கேள்விக்கு என் பதில். ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பதைக் காட்டும் எண்ணே மின்காப்பு மாறிலி; நீருக்கு அது ஏறத்தாழ 80. உலர்ந்த மண்ணுக்கோ அது 3 முதல் 5 வரைதான். இந்தப் பெரிய வேறுபாட்டால், ஈரம் கூடும்போது மண் இயல்பாக உமிழும் நுண்ணலை குறைகிறது. 2015 ஜனவரியில் நாசா ஏவிய எஸ்மேப் செயற்கைக்கோள் அதை 1.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் உணர்ந்து, இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை உலகின் பெரும்பகுதியை அளக்கிறது. மேல்மண் அளவீட்டை மழை, வெப்பம், மண்வகை ஆகியவற்றோடு சேர்த்துக் கணினி மாதிரியில் செலுத்தி, 1 மீட்டர் ஆழம் வரையிலான ஈரத்தை மதிப்பிடுகிறார்கள். அடர்ந்த காடுகளிலும் உறைந்த நிலங்களிலும் இந்த அளவீட்டை நம்ப முடியாது.

மண்வாசி:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆழத்து மண் தன் ஈரக் குறைவைச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை விடாமல் வைத்திருக்கும் என்பதால்தான் முன்கணிப்புக்கு இடமே உண்டாகிறது. ஆயினும் அது தொடக்க நிலையை மட்டுமே தரும். பின்னர் பெய்யும் ஒரு நல்ல மழை கணக்கைப் புரட்டிவிடலாம். கடும் வெயிலும் உலர்ந்த காற்றும் சேர்ந்து சில வாரங்களிலேயே மண்ணை உலர்த்திவிடும் திடீர் வறட்சியில் முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு. நிலத்தில் ஈரத்தை அளக்கும் உணரிகளைப் பதிப்பதானால் மேலே ஒன்று மட்டும் போதாது, வேர்ப்பகுதியிலும் அதற்குக் கீழேயும் பதியுங்கள். மண் மாதிரியை 105 பாகை செல்சியஸில் உலர்த்தி, எடைக் குறைவைக் கொண்டு உணரி காட்டும் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.