மறு: ‘கன்டெய்னர்’ – கொள்கலன் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம். கணினியில் ஒரு செயலியை அதன் கோப்புகளோடு தனியே பிரித்து இயக்கும் ‘கன்டெய்னர்’ என்ற ஏற்பாட்டுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதே நம் கேள்வி.

> கொள்கலன் என்றே வைத்துவிடலாம். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

இருக்கிறது, ஐயா. எண்ணெய் டின்னுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கூடப் புழக்கத்தில் இருக்கிறது. என் தயக்கமே அதுதான். கொள்கலன் என்றதும் ‘எவ்வளவு பிடிக்கும்?’ என்று மனம் கேட்கிறது. இங்கே கேட்க வேண்டியதோ ‘எது பொது, எது தனி?’

நான் இடறியது, நான் தயாரிக்கும் குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் மடிக்கணினி) கையேட்டில். 2018இல் குரோம்புக்கில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் செயலிகளுக்கு வழி திறந்தபோது கூகுள் இரண்டு அடுக்குகளை வைத்தது. வெளியே ‘டெர்மினா’ என்ற மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் மென்பொருளாலான இன்னொரு கணினி); அதற்குச் சொந்தக் கெர்னல் (வன்பொருளை ஆளும், இயங்குதளத்தின் மையப் பகுதி) உண்டு. அதனுள்ளே ‘பெங்குவின்’ என்ற கன்டெய்னரில் டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடுகிறது. பெங்குவினுக்குக் கெர்னல் கிடையாது, டெர்மினாவுடையதையே பயன்படுத்திக்கொள்கிறது. கோப்புகளும் நிரல்களும் மட்டும் அதற்கென்று தனி.

பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தனம்தான்! கிணறு பொது, அடுப்பு தனி. ‘குடித்தனம்’ என்று வைக்கலாமா என்று வீட்டில் கேட்டேன், சிரித்துவிட்டார்கள்.

என் பரிந்துரை ‘தடுப்பறை’. ஒரே வீட்டுக்குள் தடுப்பு வைத்துப் பிரித்த அறை. அந்தத் தடுப்பைப் பட்டுத்தான் அறிந்தேன். கோப்புகள் செயலியில் ‘லினக்ஸ் கோப்புகள்’, ‘பதிவிறக்கங்கள்’ இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்; ஒரே இடம் என்று நினைத்துவிட்டேன். அமைப்புகளுக்குப் போய் லினக்ஸை நீக்கினேன். பதிவிறக்கங்கள் அப்படியே இருந்தன. மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பைத்தான் நிரல் பெங்குவினோடு போய்விட்டது.

> தடுப்புக்காவல் மாதிரி ஒலிக்கிறதே?

கொஞ்சம் ஒலிக்கிறதுதான். ஆனால் தடுப்பூசி, தடுப்பணை என்னும்போது யாருக்கும் சிறை நினைவு வருவதில்லை. சொல் வளைந்தும் கொடுக்கிறது: தடுப்பறைப் படிமம் (இமேஜ்), தடுப்பறையாக்கம், ‘செயலியைத் தடுப்பறையில் இயக்கு’. கொள்கலனிலிருந்து வினை வராதா என்றால் வரும். ‘கொள்கலனாக்கு’ என்று நாலு முறை சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

வட்டுப் பிரிவோடு (பார்ட்டிஷன்) குழம்பும் என்று வேறொரு நண்பர் எழுதியிருந்தார். அதைப் ‘பிரிவு’ என்றே விட்டுவிட்டால் குழப்பம் இல்லை. சான்ட்பாக்ஸை (நிரலை அடைத்துவைத்து இயக்கும் இன்னொரு ஏற்பாடு) தயவுசெய்து இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம், அதற்குத் தனியே சண்டை போடுவோம்.

கையேட்டின் மூன்றாம் இயலை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் ‘தடுப்பறை’ என்று இட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘கன்டெய்னர்’ என்று சேர்த்துவிடுகிறேன்.