கரண்ட் வேலையும் நெஞ்சு வலியும்: பார்த்தது, பட்டது

தக்கலை, ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்:
என்னோடு வேலை பார்த்த வயர்மேன் ஒருவர் ஐம்பது தாண்டும் முன்னே மாரடைப்பில் போய்விட்டார். துஷ்டி வீட்டில் ஒரு பெரியவர், "ஆயுசு முழுக்க கரண்டுக்குப் பக்கத்துல நின்னா நெஞ்சு தாங்குமா?" என்றார். என் மகன் தேடிப் பார்த்தபோது, அந்தப் பேச்சுக்கு ஆதரவாக ஒரு ஆய்வே கிடைத்தது. 1999-ல் அமெரிக்காவில் வந்தது; ஐந்து மின் நிறுவனங்களின் 1,38,903 ஆண் தொழிலாளர்களைப் பற்றியது. கரண்ட் ஓடும் கம்பியைச் சுற்றி வரும் காந்தப்புலம் கூடுதலான வேலையில் நெடுங்காலம் இருந்தவர்களிடம் துடிப்புக் கோளாறாலும் மாரடைப்பாலும் வந்த சாவு அதிகம் என்றது. படித்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஆனால் டென்மார்க், பிரிட்டன், ஸ்வீடன் என்று அப்புறம் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 2007-ல் உலக சுகாதார நிறுவனமும், இதய நோயோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு இது கணக்குப் போட்டாலே புரியும். காந்தப்புலம் வோல்ட்டைப் பார்த்து வருவதில்லை, ஓடுகிற ஆம்பியரைப் பார்த்து வருவது. 100 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மரில் முழு லோடுக்கு 11 கேவி (11,000 வோல்ட்) பக்கம் 5 ஆம்பியர் சொச்சம்தான். வீடுகளுக்குப் போகிற எல்டி (குறைந்த வோல்ட்) பக்கம் 130-க்கு மேல். எல்சி (லைனை நிறுத்தி வேலை பார்க்கும் அனுமதி) வாங்கி, கம்பியைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி ஏறுகிற லைனில் லோடே கிடையாது. அப்புறம் எங்கே புலம்?

அந்த வயர்மேனுக்குச் சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து ஊரெல்லாம் போஸ்ட் சாய்ந்து கிடந்தபோது, ராத்திரி பகல் பார்க்காமல் நின்றார். மாத்திரையை விட்டது அப்போதுதான். வேலை ஓய்ந்த பிறகும் அதைத் திரும்பத் தொடவில்லை. வீட்டில் கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பார். காந்தத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆரல்வாய்மொழி, சப் ஸ்டேஷன் ஆபரேட்டர்:
அண்ணே, புலம் என்று பார்த்தால் உங்களைவிட எங்களுக்குத்தான் அதிகம். காற்று சீசனில் காற்றாலைக் கரண்ட் மொத்தமாக வந்து இறங்கும்போது யார்டே இரையும். ஒரு தடவை இன்ஜினியர் ஒருவர் மீட்டர் கொண்டுவந்து காட்டினார். கேபிளை ஒட்டி வைத்தால் எகிறும், நாலடி தள்ளி நின்றால் பொத்தென்று விழும். நம் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸில், காந்தப்புலத்துக்குத் தொழிலாளர்களுக்கான சர்வதேச வரம்பு 1000 மைக்ரோடெஸ்லா. நாங்கள் பார்த்த எண் அதன் பக்கத்தில்கூட இல்லை. என் பிரஷர் ஏறியது நைட் ஷிஃப்டில்தான். விடியும் நேரம் தூங்கப் போனால் வீட்டில் மிக்சி ஓடும்.

மார்த்தாண்டம், வயரிங் வேலை:
எனக்கு இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இது வேறு கதை. வெல்டிங் மெஷின், பெரிய ஜெனரேட்டர் பக்கம் அண்ட வேண்டாம் என்றார் டாக்டர். வலுவான காந்தம் பக்கத்தில் வந்தால் கருவி நம் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு, ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பித்துவிடுமாம். செல்போனை இப்போது பேண்ட் பாக்கெட்டில்தான் வைக்கிறேன். வீட்டு வயரிங் வேலை தாராளமாகப் பார்க்கிறேன்.

கொல்லங்கோடு, ஹெல்பர்:
நான் பட்டது ஷாக். டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் எல்டி போஸ்ட்டில் ஏறினேன். ஒரு வீட்டில் வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள்; கரண்ட் திரும்பி லைனுக்கு வந்துவிட்டது. ஒரு கையில் ஏறி மறு கை வழியாக இறங்கியது. பெல்ட் இருந்ததால் கீழே விழவில்லை. இறங்கி கட்டஞ்சாயா குடித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஃபோர்மேன் சார் விடவில்லை, பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். நெஞ்சு வழியாகக் கரண்ட் போனால் துடிப்பு தாறுமாறாகலாம் என்று ஈசிஜி எடுத்து, ராத்திரி முழுக்க மானிட்டரில் வைத்திருந்தார்கள். காலையில் விட்டுவிட்டார்கள்.

தக்கலை, ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்:
மக்கா, அந்த ஈசிஜி சீட்டைத் தூரப் போட்டுவிடாதே. போட்டோ எடுத்தும் வைத்துக்கொள், கோடு மங்கிவிடும். பின்னால் எப்போதாவது நெஞ்சு வலி என்று போனால், பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கேட்பார்.