மின்ட் நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லை, ஹார்ட் டிஸ்க் மட்டும் தெரிகிறது (விண்டோஸ் 10 உடன் இரட்டை பூட்)

அலைவரிசை (கேள்வி)

வணக்கம். வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 10-ஐ அழிக்காமல், அதன் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் 22 (இலவச இயங்குதளம்) போட வேண்டும். விவரம் இதுதான்:

ஐ5-7200யூ, 8 ஜிபி டிடிஆர்4 ஒரே ஸ்டிக். 256 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டியில் (சுழலும் பாகமில்லாத வேக டிஸ்க்) விண்டோஸ் 10 ஹோம் 22ஹெச்2 இருக்கிறது. 1 டிபி ஹார்ட் டிஸ்க் முழுவதும் டி டிரைவ். படங்களும் கணக்குக் கோப்புகளுமாக 600 ஜிபிக்கு மேல். பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல்) மோட் யூஈஎஃப்ஐ (அதன் புதிய வகை), செக்யூர் பூட் ஆன்.

விண்டோஸ் 11-க்குப் போக முடியாது, ப்ராசஸர் பட்டியலிலேயே இல்லை என்கிறது. டேலியும் ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் விண்டோஸில்தான் ஓட வேண்டும். அதனால் இரண்டும் தேவை.

சிக்கல் 1: மின்ட் பென்டிரைவில் பூட் ஆகி, நிறுவும் இடத்தில் 931 ஜிபி எஸ்டிஏ (ஹார்ட் டிஸ்குக்கு லினக்ஸ் தரும் பெயர்) மட்டும்தான் வருகிறது. எஸ்எஸ்டியின் சுவடே இல்லை.
சிக்கல் 2: சி டிரைவில் 110 ஜிபி காலியாக இருந்தும், டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஷ்ரிங்க் (சுருக்கு) கொடுத்தால் 14 ஜிபிக்கு மேல் தரமாட்டேன் என்கிறது.

டி டிரைவிலேயே ஓரத்தில் போட்டுவிடலாமா?

கரும்பலகை

செக்யூர் பூட்டை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

முனையம்

இல்லை, செக்யூர் பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது பூட் ஆகும் நிரலின் கையொப்பத்தைத்தான் சரிபார்க்கும், டிஸ்கை மறைக்காது. மின்ட் பூட் ஆகிவிட்டது என்றாலே அந்தக் கட்டம் தாண்டியாயிற்று. ஆன் ஆகவே இருக்கட்டும்.

அலைவரிசை, முதலில் ஒன்று: அந்தத் திரையில் ‘டிஸ்கை அழித்து நிறுவு’ என்பதைத் தொட்டுவிடாதீர்கள். அதற்குத் தெரியும் ஒரே டிஸ்க் உங்கள் டி டிரைவ். அழிப்பது அதைத்தான்.

பயாஸில் சேமிப்பகம் ‘ரெய்டு’ முறையில் (பல டிஸ்குகளைச் சேர்த்துக் கையாளும் முறை) இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு டிஸ்க் வைத்த 7, 8-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பல அப்படித்தான் கடைக்கு வந்தன. அந்த முறையில் என்விஎம்ஈ எஸ்எஸ்டி தனிச் சாதனமாக வெளியே தெரியாது. சாட்டா (ஹார்ட் டிஸ்கை இணைக்கும் வழி) கன்ட்ரோலருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். விண்டோஸில் இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவர் இருப்பதால் அதற்குத் தெரிகிறது, லினக்ஸுக்குத் தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க் நேரடியாகச் சாட்டாவில் இருப்பதால் அது மட்டும் வருகிறது.

உறுதிசெய்ய, பென்டிரைவில் பூட் ஆன நிலையில் டெர்மினலைத் திறந்து ‘சூடோ டீமெஸ்ஜி’ கொடுங்கள். வரும் வரிகளில் ஏஹெச்சிஐ (டிஸ்குகளைத் தனித்தனியாகக் காட்டும் சாதாரண முறை) என்று தொடங்குபவற்றைப் பாருங்கள். ‘இடம்மாற்றப்பட்ட 1 என்விஎம்ஈ சாதனம் இருக்கிறது, பயன்படுத்த வேண்டுமானால் பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் இதேதான்.

அலைவரிசை

அதே வரி இருக்கிறது. அப்படியானால் பயாஸில் போய் மாற்றிவிடலாமா?

முனையம்

இப்போதே மாற்றாதீர்கள். நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் ‘பூட் சாதனத்தை அணுக முடியவில்லை’ என்று நிற்கும். (அப்படி ஆகிவிட்டாலும் பயப்பட வேண்டாம். மீண்டும் ரெய்டுக்கே திருப்பினால் பழையபடி வரும், தரவு எதுவும் போகாது.) விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடுக்கு (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் முறை) அனுப்பி, அந்த இடைவெளியில் மாற்ற வேண்டும்.

அ) டி டிரைவில் உள்ள கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். இது முதலில்.

ஆ) செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ (டிஸ்கின் தரவை மறையாக்கி வைப்பது) இருக்கிறதா பாருங்கள். ஹோம் பதிப்பிலும் சில லேப்டாப்களில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். இருந்தால் ஆஃப் செய்து, முழுவதும் அவிழ்ந்து முடியும்வரை காத்திருங்கள். இதை விட்டுவிட்டுப் பயாஸை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எதற்கும் தாளில் எழுதி வையுங்கள்.

இ) இன்டெல் ஆப்டேன் நினைவகம் (ஹார்ட் டிஸ்கை வேகப்படுத்தும் சிறு நினைவகம்) பொருத்தியிருக்கிறதா என்று இன்டெல் ஆர்எஸ்டி செயலியில் பாருங்கள். 16 ஜிபி ஆப்டேன் ஹார்ட் டிஸ்குடன் இணைந்திருந்தால், அங்கேயே அதை முடக்கிய பிறகுதான் அடுத்த படி. இணைப்பைப் பிரிக்காமல் முறையை மாற்றினால் ஹார்ட் டிஸ்கின் தரவு சிதையும். உங்களுடையது 256 ஜிபி சாதாரண எஸ்எஸ்டி என்பதால் இருக்காது. ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

ஈ) விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி ‘எம்எஸ்கான்ஃபிக்’. பூட் தாவலில் ‘சேஃப் பூட்’, ‘மினிமல்’ தேர்ந்து ஓகே. ரீஸ்டார்ட்.

உ) ரீஸ்டார்ட் ஆகும்போதே எஃப்2 தட்டிப் பயாஸுக்குள் போங்கள் (சில லேப்டாப்பில் எஃப்10 அல்லது டெலீட்). சாட்டா ஆபரேஷன் அல்லது ஸ்டோரேஜ் என்ற இடத்தில் ‘ரெய்டு’ இருக்கும். ‘ஏஹெச்சிஐ’ ஆக்கிச் சேமியுங்கள்.

ஊ) விண்டோஸ் சேஃப் மோடில் எழும், புது டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். உள்ளே போய் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். அவ்வளவுதான்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் முழுக் கடவுச்சொல் கைவசம் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் (ஈ)-க்கு முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டுப்பெட்டி

இரண்டாவது சிக்கலுக்கு நான் சொல்கிறேன்.

ஷ்ரிங்க் 14 ஜிபியில் நிற்பதற்குக் காரணம், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ ஒன்று டிரைவின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்திருப்பது. காலியிடம் 110 ஜிபி இருந்தாலும், அந்தக் கோப்புக்குப் பின்னால் இருப்பதைத்தான் விண்டோஸால் வெட்டிக் கொடுக்க முடியும். வழக்கமான ஆட்கள் மூன்று: ஹைபர்நேஷன் கோப்பு (கணினியை உறங்க வைக்கும்போது நினைவகத்தைச் சேமிப்பது), பேஜ்ஃபைல் (ராம் போதாதபோது பயன்படுவது), ரெஸ்டோர் பாயிண்ட் (விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் நகல்).

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’ கொடுங்கள். ஹைபர்நேஷன் போய்விடும், அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். இரட்டை பூட்டுக்கு இரண்டாவதும் தேவையான வேலை, ஒரே கட்டளையில் முடிகிறது. சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்ட், பெர்ஃபார்மன்ஸ், விர்ச்சுவல் மெமரி போய் ‘நோ பேஜிங் ஃபைல்’. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனில் சி டிரைவுக்கு ஆஃப். ரீஸ்டார்ட் செய்து திரும்ப ஷ்ரிங்க் கொடுத்துப் பாருங்கள்.

60 ஜிபி எடுங்கள். எம்பியில் கேட்கும், 61440 என்று போடுங்கள். முடிந்ததும் பேஜ்ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனையும் மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள். ஹைபர்நேஷன் ஆஃப் ஆகவே இருக்கட்டும். விண்டோஸ் பகுதியைச் சுருக்குவதற்கு எப்போதும் விண்டோஸின் கருவியையே பயன்படுத்துங்கள், லினக்ஸ் பக்கமிருந்து வேண்டாம்.

டி டிரைவில் போடலாமா என்று கேட்டீர்கள். ஓடும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சுழலும் டிஸ்கில் சின்னச் சின்னக் கோப்புகளைத் தலை நகர்ந்து நகர்ந்து படிக்க வேண்டும். பிரவுசர் திறக்கவே எரிச்சல் வரும். மின்ட் குறைந்தபட்சம் 20 ஜிபி கேட்கிறது, 100 ஜிபி பரிந்துரைக்கிறது. கோப்புகளெல்லாம் டி டிரைவில் இருக்கும் என்பதால் எஸ்எஸ்டியில் 60 ஜிபி உங்களுக்குத் தாராளம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: டைம்ஷிஃப்ட் (மின்டின் மீட்பு நகல் கருவி) எடுக்கும் நகல்கள் லினக்ஸ் பகுதியில்தான் உட்காரும், என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) டி டிரைவுக்குப் போகாது. எண்ணிக்கையை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 60 ஜிபி சத்தமில்லாமல் நிரம்பும்.

அலைவரிசை

இரண்டுமே சரியாயிற்று. பேஜ்ஃபைலை எடுத்ததும் 71 ஜிபி வரை ஷ்ரிங்க் காட்டியது, 60 எடுத்துக்கொண்டேன். சேஃப் மோடில் பின் ஏற்கவில்லை, கடவுச்சொல் இருந்ததால் தப்பித்தேன். இப்போது எஸ்எஸ்டி தெரிகிறது. பிரிப்பதை எப்படிச் செய்வது?

முனையம்

பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு வரியாக வந்தால், முன்னால் யூஈஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் யூஈஎஃப்ஐயிலும் மின்ட் லெகசியிலும் (பழைய பயாஸ் முறை) போனால் இரண்டும் ஒரே மெனுவில் சேராது.

‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்ற எளிய வழி வரும். இரண்டு டிஸ்க் இருக்கும் கணினியில் எது எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் செய்வதே நல்லது. அதனால் ‘சம்திங் எல்ஸ்’ (நாமே பிரிக்கும் வழி).

எஸ்எஸ்டியின் கீழே 60 ஜிபி ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ தெரியும். சி டிரைவுக்கும் கடைசியில் இருக்கும் ரிகவரி பகுதிக்கும் நடுவில் இருக்கலாம், பரவாயில்லை. அதில் ஒரே ஒரு பகுதி: எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறை), மவுண்ட் பாயிண்ட் (அந்தப் பகுதி இணையும் இடம்) வெறும் சாய்வுக்கோடு. ஸ்வாப்புக்குத் (லினக்ஸின் பேஜ்ஃபைல்) தனிப் பகுதி வேண்டாம், ஸ்வாப் கோப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

சுமார் 100 எம்பியில் ஈஎஃப்ஐ பகுதி ஒன்று இருக்கும். விண்டோஸின் பூட் கோப்புகள் அதற்குள்தான். ‘ஃபார்மேட்’ கட்டத்தில் டிக் விழுந்துவிடக் கூடாது. மின்ட் தன் கோப்புகளையும் அதிலேயே வைத்துக்கொள்ளும். சில எம்பிதான், இடம் போதும். கீழே பூட்லோடர் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) சாதனமாக எஸ்எஸ்டி முழுவதையும் குறிக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓடத் தேவையான நிரல்) டிக் செய்தால், செக்யூர் பூட் ஆன் ஆக இருப்பதால் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ (செக்யூர் பூட்டுக்கான சாவியைப் பதிதல்) வரும். அங்கே அதே சொல்லைக் கொடுக்க வேண்டும்.

அலைவரிசை

மின்ட் ஓடுகிறது, மெனுவில் விண்டோஸும் வருகிறது. இரண்டு குறை. விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் தேவை, பழைய பாமினி (யூனிகோடு அல்லாத எழுத்துரு) கோப்புகளும் நிறைய இருக்கின்றன.

வட்டுப்பெட்டி

ஐந்தரை என்ற கணக்கே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். இங்கே காலை 10 மணி என்றால் லினக்ஸ் 4.30 என்று எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதையே காட்டுகிறது. மின்ட் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’, இடைவெளி, ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’, இடைவெளி, 1. அதன்பின் ஒருமுறை விண்டோஸில் நேரத்தை ஒத்திசைத்துவிடுங்கள். கட்டளை கொடுத்ததும் லினக்ஸ் ஓர் எச்சரிக்கை காட்டும். அது முக்கியமாக கோடை நேர மாற்றம் உள்ள நாடுகளுக்கானது. இந்தியாவில் கடிகாரத்தை முன்பின் நகர்த்தும் வழக்கம் இல்லை, தொல்லை வராது. டிஜிட்டல் கையெழுத்து போடுகிறவர் நீங்கள், நேரம் தவறாக இருந்தால் இணையதளச் சான்றிதழே பிழை காட்டும். இதை இன்றே செய்யுங்கள்.

எழுத்தாணி

தமிழ்99-க்கு: சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸ் (பிற மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் நிரல்) தேர்ந்து, லாக்அவுட் செய்து வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 இருக்கும். பாமினிக்கு எழுத்துரு கோப்பை இருமுறை க்ளிக் செய்து நிறுவினால் லிப்ரேஆஃபிஸில் படிக்கலாம், அச்செடுக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். தேட வேண்டும், மின்னஞ்சலில் ஒட்ட வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

அலைவரிசை

நேரம் சரியாகிவிட்டது, தமிழ்99 வந்துவிட்டது. மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. விண்டோஸை ஜிஎஸ்டிக்காக இணையத்தில் இணைத்தே ஆக வேண்டும், அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

முனையம்

ஆம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஈஎஸ்யூ என்ற நீட்டிப்பில் பதிந்தால் வீட்டுக் கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். 22ஹெச்2 பதிப்பு வேண்டும், உங்களிடம் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியும் இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டாம். விண்டோஸை டேலி, ஜிஎஸ்டி என்ற இரண்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிரவுசிங்கையும் மின்னஞ்சலையும் மின்டுக்கு மாற்றுங்கள்.

ஏதாவது ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு மெனு வராமல் நேரே விண்டோஸ் எழுந்தால் எதையும் திரும்ப நிறுவாதீர்கள். பயாஸில் பூட் வரிசையைத் திறந்து ‘உபுண்டு’ என்ற வரியை மேலே தூக்கிவிட்டால் போதும். மின்ட் என்று தேடினால் கிடைக்காது, அந்தப் பெயரில்தான் பதிந்திருக்கும்.