நடுச்சாமம் ஊசி போடப் போனால் கட்டிலுக்குக் கீழ ஒளிக்கிற அம்மா: எப்பிடிப் பார்க்கிறது?

வன்னித்தாதி:

எல்லாருக்கும் வணக்கம். வன்னியில ஒரு ஆஸ்பத்திரியின்ர சத்திரசிகிச்சை வாட்டில மூண்டு வருசமா வேலை செய்யிறன். மனநலப் பிரிவில ட்ரெயினிங் காலத்தில நிண்டதோட சரி. அதாலதான் உங்களிட்டக் கேக்கிறன்.

எங்கட வாட்டில 58 வயசு அம்மா ஒராள். சலரோகம், இடது காலில பெரிய புண். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குளோக்சசிலின் எண்ட கிருமி கொல்லி மருந்து நாளத்தில போகுது. பகலில ஒரு கரைச்சலும் இல்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னி விடுவா. 2009 இல கடைசி வரைக்கும் முள்ளிவாய்க்காலில நிண்டவ, ரெண்டு பிள்ளையள் அங்க செத்துப்போச்சுதுகள் எண்டு மகள்தான் சொன்னா. அம்மா வாய் திறக்கேல்லை.

செவ்வாய் இரவு 12 மணி ஊசிக்குப் போனன். அப்பதான் கரண்ட் போய், வாட்டுக்குப் பின்னால இருக்கிற ஜெனரேற்றர் உறுமத் தொடங்கினது. இருட்டுக்க அவவின்ர தோளில கை வைச்சு "அம்மா, ஊசி" எண்டன். "படுங்கோ, படுங்கோ" எண்டு கத்தினபடி என்னைத் தள்ளி விழுத்திப் போட்டு, அந்தப் புண் காலோட கட்டிலுக்குக் கீழ போயிட்டா. மருந்து ஏத்தக் கையில போட்ட கனுலாக் குழாய் கழண்டு நிலமெல்லாம் ரத்தம். மூண்டு பேர் பிடிச்சு ஏத்தினம். திரும்ப விழுந்திடுவா எண்ட பயத்தில கையைப் பண்டேஜால கட்டில் கம்பியில கட்டினம். நானும் சேர்ந்துதான் கட்டினன். அரை மணித்தியாலம் போக மெதுவா, "மிஸ்ஸி, நான் என்ன பிழை செய்தனான்? கையை அவிட்டு விடுங்கோ" எண்டா. அந்தக் குரல் இன்னும் என்ர காதுக்க நிக்குது.

இன்னொண்டு. விடிய இன்சுலின் போட்டாப் பிறகு கஞ்சி வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திட்டா. பத்து மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து நடுக்கம், சுகர் 52. குளுக்கோஸ் குடுத்து எழுப்பினம். ரிக்கற்றை (நோயாளியின்ர குறிப்பேட்டை) பிரட்டினால் முதல் ரெண்டு நாளும் "உணவை மறுத்தார், ஒத்துழைக்கவில்லை" எண்டு எழுதியிருக்கு.

இது பி.ரி.எஸ்.டி (பயங்கரமான அனுபவத்துக்குப் பிறகு வாற மனவடு நோய்) தானோ? நாளை இரவு திரும்ப எனக்கு டியூட்டி. எப்பிடிக் கிட்டப் போறது?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

பிள்ளை, நான் 31 வருசம் வேலை செய்தனான், அதில பாதிக்கு மேல யாழ்ப்பாணத்தில மனநல வாட்டில. நீ எழுதினதைப் பார்க்க மனவடு மாதிரித்தான் கிடக்கு. ஆனா பேர் வைக்கிறது டொக்டரின்ர வேலை. நாளைக்கு ரவுண்ட்ஸில மனநலப் பிரிவுக்கு ரெஃபர் பண்ணச் சொல்லிக் கேள். அதுக்கு நீ ரிக்கற்றில எழுதிறதுதான் ஆதாரம். "ஒத்துழைக்கவில்லை" எண்டு எழுதாத. "ஜெனரேற்றர் சத்தம், இருட்டு, நித்திரையில் தொட்டபோது எழும்பிக் கட்டிலுக்குக் கீழே சென்றார், ஏறத்தாழ 30 நிமிடத்தில் தெளிந்தார்" எண்டு கண்டதைக் கண்டபடி எழுது. அதை வாசிக்கிற டொக்டருக்குப் பாதி விசயம் விளங்கிவிடும். ஆனா ஒண்டு, சலரோகக்காரியும் புண்ணும் காய்ச்சலும் எண்டால் மருளாட்டமும் (டெலிரியம், உடம்பு வருத்தத்தால வாற புத்தித் தடுமாற்றம்) வரலாம். திரும்ப நடந்தால் முதல் வேலையாச் சுகர் பார், ஒட்சிசன் அளவு பார், காய்ச்சல் பார். மனக்காயம் எண்டு நினைச்சுக்கொண்டு உடம்பை விட்டிடக் கூடாது.

இனி அந்த 12 மணி. நித்திரையில இருக்கிற ஆளைத் தோளில தொட்டு எழுப்பாத. கால்மாட்டில, கை எட்டாத தூரத்தில நில். ரோச்சை அவவின்ர முகத்துக்கு அடிக்காத, உன்ர முகத்துக்கு அடி. பேரைச் சொல்லிக் கூப்பிடு. "அம்மா, நான் இரவு மிஸ்ஸி. இது ஆஸ்பத்திரி. ஊசி நேரம்." கண் திறந்து உன்னைப் பார்த்தாப் பிறகு, "கையைப் பிடிக்கட்டோ?" எண்டு கேள். தலையாட்டினாப் பிறகு பிடி. ஒரு நிமிசம் கூடப் போகும், அவ்வளவுதான். இதை ஒருத்தி மட்டும் செய்து பிரயோசனமில்லை. கை மாத்தேக்க எல்லாருக்கும் சொல்லு, அற்றெண்டனுக்கும் சொல்லு, தரை கழுவ வாற பிள்ளைக்கும் சொல்லு.

ஜெனரேற்றரை நிப்பாட்ட ஏலாது. ஆனா பின்னேரமே, "கரண்ட் போனா இப்பிடி ஒரு சத்தம் வரும், அது எங்கட மிசின்" எண்டு சொல்லி வைக்கலாம். ஏலுமெண்டால் பகலில கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. கட்டிலைச் சுவரோரம் போட்டு, கதவு அவவுக்குத் தெரியிற மாதிரி வை. முதுகுக்குப் பின்னால ஆள் வந்தால் இவையளுக்குத் தாங்காது. சின்ன லைற் ஒண்டு எரியட்டும்.

அந்த நேரம் வந்திட்டுது எண்டால் கட்டிப்பிடிக்கப் போகாத, கை கட்டவே கட்டாத. ஓடேலாமல் நிண்ட ஆக்களைத் திரும்பவும் கட்டினால் அது அதே இடத்துக்குக் கொண்டுபோய் விடும். உன்னைக் குற்றம் சொல்லேல்லை பிள்ளை, தொடக்கத்தில நானும் கட்டியிருக்கிறன். நீயும் நிலத்தில இரு. மெதுவாக் கதை. உள்ளங்காலைச் சீமெந்தில வைக்கச் சொல்லு, குளிருதோ எண்டு கேள். ஆர் பக்கத்துக் கட்டிலில இருக்கிறது எண்டு கேள். அவ தலை பின்னிவிடுற பிள்ளையின்ர பேரை அவ சொல்லட்டும், அது அவவை இஞ்ச இழுத்துக்கொண்டு வரும். தெளிஞ்சாப் பிறகு "என்ன நடந்தது அங்க?" எண்டு கிண்டாத. தானாச் சொன்னால் இருந்து கேள்.

மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில பழகின முறையளையே மனதை ஆத்தப் பாவிச்சவர். சைவ ஆக்களுக்கு மந்திரம், வேதக்காரருக்குச் செபமாலை, முஸ்லிம் ஆக்களுக்கு திக்ர் (இறைவன்ர பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லுறது). உன்ர அம்மாவுக்கு எது பழக்கம் எண்டு மகளிட்டக் கேள்.

ஒண்டை விட்டிடாத. "உயிரோட இருக்க வேண்டாம் எண்டு நினைக்கிறனீங்களோ?" எண்டு ஒருக்கா நேராக் கேள். கேட்டால் அந்த எண்ணம் வந்திடும் எண்டு பயப்பிடாத, அப்பிடி வராது. ஓம் எண்டால் அண்டைக்கே டொக்டருக்குச் சொல்ல வேணும், ஆளைத் தனிய விடக் கூடாது.

நாகை செவிலியர்:

வணக்கம் சிஸ்டர். மிஸ்ஸி அம்மா சொன்னதுக்கு மேல நான் சொல்ல அதிகமில்லை. அந்தக் கஞ்சி விஷயம்தான் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமியில எங்க நாகப்பட்டினம் மாவட்டத்துல 6,000 பேருக்கு மேல இறந்தாங்க. நான் அப்ப புதுசா வேலைக்குச் சேர்ந்தவ. ஒரு அம்மா மீன் குழம்பைக் கண்டாலே எழுந்து வெளியே போயிடுவாங்க. கடல்ல போன புள்ளைங்க நினைப்புன்னு எங்களுக்குப் புரியவே மாசக்கணக்காச்சு. உங்க ஊர்ல மே மாசம் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். கடைசி நாள்ல அவங்க சாப்பிட்டது அதுதானே? வேற என்ன பிடிக்கும்னு கேட்டுப் பாருங்க. சாப்பாட்டைக் கண்ணால பார்த்த பிறகு இன்சுலின் போடுங்க.

இன்னொண்ணு, அந்தச் சமயத்துல உதவி செய்ய வந்தவங்க ஒவ்வொரு வண்டியா வந்து குழந்தைங்களை அலையை வரையச் சொன்னாங்க. நாலாவது தடவை ஒரு பையன் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டான். நடந்ததைச் சொல்ல வைக்கணும்னு யாரும் அவசரப்படக் கூடாது. 2013-ல் வந்த உலகச் சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதலும், பேரிடர் நடந்த கையோட ஆட்களை உட்கார வச்சு எல்லாத்தையும் கொட்ட வைக்கிற முறை வேண்டாம்னுதான் சொல்லுது.

மனநல டாக்டர் செர்ட்ராலின் (மனச்சோர்வுக்கும் மனவடுவுக்கும் கொடுக்கிற மாத்திரை) எழுதினா, வேலை செய்யப் பல வாரம் ஆகும்னு மகள்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லன்னா பத்து நாள்ல நிறுத்திடுவாங்க. கெட்ட கனவுக்கு பிரசோசின் கொடுத்தா, முதல் டோஸுக்கு அப்புறம் எழுந்து நிக்கும்போது பிரஷர் சடார்னு இறங்கலாம். புண்ணு காலோட ராத்திரி பாத்ரூம் தனியா அனுப்பாதீங்க. படுத்தும் நின்னும் பிரஷர் பார்த்து எழுதுங்க.

லண்டன் மகள்:

நான் தாதி இல்லை. என்ர அம்மாவும் அங்க இருந்து வந்தவ. போன வருசம் இஞ்ச எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டி வந்தது. உடம்புக்க ஷெல் துண்டு இருக்கோ எண்டு முதல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவை. மிசின் அடிக்கிற சத்தத்தை நினைக்க எனக்கே நெஞ்சு பதறினது. அங்க நிண்ட தாதி அம்மாவின்ர கையில ரப்பர் பந்து ஒண்டைக் குடுத்து, "இதை அமத்தினா அந்தச் செக்கனே நிப்பாட்டுவன்" எண்டு என்னைக் கொண்டு மூண்டு தரம் சொல்ல வைச்சா. அம்மா ஒருக்காலும் அமத்தேல்லை. வெளியில வந்தாப் பிறகும் பந்தை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. உங்கட அம்மாவுக்கும் எதையாவது அவ தீர்மானிக்கட்டும், எந்தக் கையில ஊசி எண்டாவது.

வன்னித்தாதி:

எல்லாருக்கும் நன்றி. உடனே எழுத நேரம் கிடைக்கேல்லை.

கஞ்சியைப் பற்றி அம்மாவிட்டயே கேட்டன். "அது மட்டும் வேண்டாம் பிள்ளை" எண்டா, வேற ஒண்டும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. பாணும் பருப்பும் எண்டால் சாப்பிடுவாவாம். குசினிக்குச் சொல்லி மாத்தியாச்சு. தட்டு கட்டிலுக்கு வந்தாப் பிறகுதான் இப்ப இன்சுலின். மனநல டொக்டர் வந்து பார்த்தவர், அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். மிஸ்ஸி, நீங்கள் சொன்ன அந்தக் கேள்வியையும் கேட்டனான். முந்தி நினைச்சவவாம், இப்ப பேரப்பிள்ளை இருக்குது எண்டா. டொக்டருக்கும் சொல்லிப்போட்டன்.

நேற்றிரவு பன்னிரண்டு மணிக்குக் கால்மாட்டில நிண்டு, ரோச்சை என்ர முகத்துக்கு அடிச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டன். ரெண்டாம் தரம்தான் கண் திறந்தா. கனநேரம் என்னைப் பார்த்தபடி கிடந்தா. எந்தக் கையில போடட்டும் எண்டு கேட்டன்.

"இடது கை நோகுது, இதில போடுங்கோ" எண்டு வலது கையைப் போர்வைக்குள்ளால வெளிய எடுத்து நீட்டினா.