கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஏர் ஃபில்டர் மாற்றியதாக பில்லில் இருந்தது. பொருளுக்கு ஒரு தொகை, கூலி தனியாக. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பிலிருந்து பேட்டரி ஓரம் வரை ஒரு சிலந்தி வலை, அறுபடாமல் அப்படியே இருக்கிறது. அந்தக் கிளிப்பைத் தொடாமல் ஃபில்டரை வெளியே எடுக்கவே முடியாது. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். வண்டியை வாங்கி எஸ்டிமேட் போடும் அட்வைசர் போட்டோவை ஒரு பார்வை பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து புது ஃபில்டர் பாக்கெட் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். டிராயரில் அது தயாராக இருந்ததே, அதைத்தான் மறக்க முடியவில்லை. பில்லில் இருந்த மற்ற வேலைகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆயிலையாவது மாற்றினார்களா?

*

எனக்கு ஃபோனில் நடந்தது. வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். மதியம் அட்வைசர் கூப்பிட்டு, "முன்பக்கம் பிரேக் பேட், டிஸ்க் ரெண்டுமே போச்சு மேடம், இன்னைக்கே மாத்தணும்" என்றார். பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "குழந்தைங்களை வெச்சு ஓட்டுற வண்டி மேடம், நீங்களே யோசிச்சுக்கோங்க" என்றார்.

வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்துவந்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றி என் கண் முன்னால் அளந்தார்கள். 7 மி.மீ. இருந்தது. புது பேடே பெரும்பாலும் 10, 12 மி.மீ.தான். 3 மி.மீ. பக்கம் வரும்போது மாற்றினால் போதும். டிஸ்க் எவ்வளவு வரை தேயலாம் என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்கும் மேலேதான் இருந்தது. பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அப்படிப் பேசியிருக்கிறார். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

*

நான் அட்வைசராக வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று கம்பெனியே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மெக்கானிக் அதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு வண்டி ராம்ப்பில் இருக்கும்போதே அடுத்த வண்டியின் ஜாப் கார்டு, அதாவது செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய சீட்டு, வந்துவிடும். அட்வைசருக்கு வேறு நெருக்கடி. ஒருமுறை எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டை மேனேஜர் என் மேசையில் திருப்பிப் போட்டு, "ஒரு ஆட்-ஆன் கூட இல்லையே, இது என்ன எஸ்டிமேட்?" என்று கேட்டார். அந்த வண்டிக்கு ஆயில், ஃபில்டர் தவிர எதுவும் தேவைப்படவில்லை. என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. டிரீட்மென்ட் என்று நீளும் பட்டியல் எல்லாம் இந்த டார்கெட்டுக்காக வருவது. கீழே வேலை செய்கிற பையன்களைத் திட்டாதீர்கள்.

*

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். என் ஆட்டோமேட்டிக் வண்டி மெதுவாகப் போகும்போது குலுங்கியது. வெளி மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று தேதியே குறித்துவிட்டார். கம்பெனி சர்வீஸில் ஒரு பெண் டெக்னீஷியன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறியபோது திரையைக் காட்டி, "இங்க பாருங்க, இது சாஃப்ட்வேர் பிரச்சினை" என்றார். அதே மாடலுக்குக் கம்பெனியிலிருந்து சுற்றறிக்கையும் வந்திருந்ததாம். அப்டேட் போட்டார்கள், குலுக்கல் போய்விட்டது. வாரன்டியில் இருந்ததால் பைசா வாங்கவில்லை.

ஆனால் அட்வைசராக இருந்த நண்பரே, டார்கெட் இருந்தால் வாடிக்கையாளரிடம் கேட்டு விற்கலாம். மாற்றாத ஃபில்டருக்குப் பணம் வாங்குவது திருட்டு. அதற்கு நேர நெருக்கடியைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

*

எனக்கு பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் மரை போய்விட்டது. சர்வீஸ் முடிந்த மறுநாளே தரையில் ஆயில் சொட்டு. "வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார்கள். அது இருக்கட்டும், இதைப் படிப்பவர்கள் முதலில் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை அதில் இருக்கிறது. எஸ்டிமேட்டை அதோடு ஒப்பிட்டால் பாதி வேலைகள் அடிபட்டுவிடும். என்ஜின் ஃப்ளஷ் பெரும்பாலான கையேடுகளில் கிடையவே கிடையாது. பிரேக் ஆயிலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். வண்டி ஓடாமல் நின்றாலும் பல கம்பெனிகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஜாப் கார்டில் ஆயில் கிரேடை எழுதச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். வெளியில் செய்தால் வாரன்டி போய்விடும் என்று பயமுறுத்துவதையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1975இல் வந்த வாரன்டிச் சட்டமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளும் அந்த நிபந்தனையைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. உங்கள் நாட்டுச் சட்டம், வாரன்டி புத்தகம் இரண்டையும் பாருங்கள். எங்கே செய்தாலும் பில் பத்திரமாக இருக்க வேண்டும்.

*

பழைய பாகத்தைக் கேட்கச் சொல்கிறீர்கள். நானும் கேட்டேன். கட்டிய பை ஒன்றைக் கொடுத்தார்கள். பிரித்தால் உள்ளே ஒரு ஆயில் ஃபில்டர், கூடவே கரி பிடித்த நான்கு ஸ்பார்க் பிளக். என் வண்டி டீசல். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. யாருடைய வண்டியிலிருந்து கழற்றியதோ தெரியாது. பையை கவுண்டர் மேலே கொட்டிவிட்டு, என் வண்டியை மறுபடி ராம்ப்பில் ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்கள். ஆயில் ஃபில்டர் பழையதுதான், அடியில் தூசி படிந்திருந்தது. அதனால் பழைய பாகத்தைக் கேட்டால் மட்டும் போதாது, கழற்றும்போதே பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்க விடாத இடத்தில் நான் இப்போது சாவியைக் கொடுப்பதில்லை.

அது சரி, உங்கள் டிரெயின் போல்ட்டுக்குக் கடைசியில் என்ன செய்தார்கள்? பெரிய சைஸ் போல்ட் போட்டார்களா, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையே மாற்றினார்களா? செலவை யார் ஏற்றுக்கொண்டது?