குருவும் சனியும் ஒட்டி நின்ற மாலை: நீங்கள் பார்த்தீர்களா?

2020 டிசம்பர் 21. அன்று விட்டால், வியாழனும் சனியும் அவ்வளவு நெருங்கி வர 2080 ஆகும் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிங்கப்பூரில், ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் வீடு ஐந்தாவது மாடி. மேற்கே எட்டிப் பார்த்தால் எதிர் புளோக்கின் சமையலறை ஜன்னல்கள்தான் தெரியும். அதனால் பக்கத்திலுள்ள பலமாடி கார் நிறுத்துமிடத்தின் உச்சிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டிசம்பர் மழை வேறு, மதியம் கொட்டித் தீர்த்திருந்தது.

ஏழரை மணிவாக்கில் தென்மேற்கே, தாழ்வாக, மேகம் கொஞ்சம் விலகியது. ஒரே ஒரு வெளிச்சம். "சே, ஒண்ணுதானே இருக்கு!" என்றேன்.

"கண்ணாடியைத் துடைடா. ரெண்டு இருக்கு. பெருசை ஒட்டினாப்ல சின்னதா ஒண்ணு." அம்மாவுக்குக் கண்புரை எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது!

நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. பைனாகுலரை வைத்த பிறகே எனக்குப் பிரிந்தது. வியாழனின் நிலாக்கள்கூட ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிந்தன.

அம்மாவுக்கு அது மகரத்தில் குரு சனி சேர்க்கை. பலன் எல்லாம் ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டார். "சேர்ந்த மாதிரி தெரியுதே தவிர, நடுவுல 70 கோடி கிலோமீட்டருக்கு மேல இருக்கும்மா" என்றேன்.

"ஓ, கல்யாண போட்டோவுல நானும் உன் பெரிய மாமாவும் பக்கத்துல நிக்கிறோமே, அது மாதிரியா?" என்றார். இருவரும் பேசிப் பத்து வருடமாகிறது.

அதற்குள் மேகம் மூடிக்கொண்டது. நீங்கள் பார்த்ததையும் எழுதுங்களேன்.

*

நான் சொல்வது 2008 டிசம்பர் 1. அப்போது கட்டுமான வேலை. லாரியின் பின்னால் உட்கார்ந்து துவாஸ் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். களைப்பில் யாரும் பேசவில்லை. திடீரென்று ஒருவன், "டேய், வானம் சிரிக்குதுடா" என்றான். மேலே வெள்ளியும் வியாழனும் இரண்டு கண்கள், கீழே பிறை நிலா வாய். லாரியே எழுந்து நின்றுவிட்டது!

விடுதிக்கு வந்ததும் போன் கார்டில் மிச்சமிருந்த காசுக்கு புதுக்கோட்டைக்கு அடித்தேன். நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் அல்லவா, அங்கே இன்னும் வெயில். இருட்டியதும் பார்க்கச் சொன்னேன். மறுநாள் என் மனைவி, "சிரிச்சுச்சுங்க, ஆனா வாய் ஒரு கண்ணு பக்கமா கோணியிருந்துச்சு" என்றாள். அந்த நேரத்துக்குள் நிலா வெள்ளியை நோக்கி நகர்ந்திருக்கிறது. அது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

*

எங்களுடையது சின்ன அனுபவம். 2025 ஆகஸ்ட் 12, தெம்பனிஸ், காலை ஆறு மணி தாண்டி. பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்தபோது கிழக்கே வெள்ளியும் வியாழனும், நடுவே ஒரு பாகைகூட இல்லை. தெருவிளக்கு வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தன. மகள் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் இரண்டையும் சேர்த்தே மறைத்தாள், காட்டினாள், மறைத்தாள். பேருந்து வந்தும் ஏறவில்லை. ஓட்டுநர் அங்கிள் ஹார்ன் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் இறங்கி வந்து, தன் கட்டைவிரலையும் நீட்டிப் பார்த்தார்.