ஹெக்ஸ் ஏத்தும்போது கட்டளை வரியில் எங்கே தப்புது? அவங்கவங்க பார்த்ததைச் சொல்லுங்க

கணபதி, கோவை

மோட்டார் ஸ்டார்ட்டர், டைமர், டிரை ரன் போர்டு பண்ற சின்னப் பட்டறைகள் நம்ம பக்கம் நிறைய இருக்குதுங்க. அதுல பல இடத்துல ஏடிமெகா328பி-ங்கற மைக்ரோகண்ட்ரோலர் சிப், அதுல ஹெக்ஸை, அதாவது புரோகிராம் ஃபைலை, ஏத்தற யூஎஸ்பிஆஸ்ப் புரோகிராமர், அதை ஓட்டற ஏவிஆர்டியூட் மென்பொருள் மூணும்தான் ஓடுது. கட்டளை வரியை யாரோ ஒருத்தர் எழுதிக் குடுத்திருப்பாங்க, மத்தவங்க அதை அப்படியே ஒட்டி ஓட்டுவாங்க. ஒரு எழுத்து மாறினா லாட் முழுக்க நிக்குது. அதனால முதல்ல எழுத்தைப் பார்ப்போம்.

இங்கிலீஷ்ல பார்ட்டுக்கு வர்ற பி வேற, பாட் வேகத்துக்கு வர்ற பி வேற. போன்ல சொன்னா ரெண்டும் நம்ம காதுக்கு ஒண்ணுதான். ரெண்டுக்கும் சின்ன எழுத்து, பெரிய எழுத்துன்னு தனித்தனி அர்த்தம் வேற. பார்ட் வகை சின்னதுன்னா சிப்போட பேரு, பெரிசுன்னா போர்ட். பாட் வகை சின்னதுன்னா சீரியல் வேகம், பெரிசுன்னா பிட் கிளாக், அதாவது புரோகிராமர் சிப்புக்கு அனுப்பற எஸ்சிகே கிளாக்கோட ஒரு துடிப்புக்கு எத்தனை மைக்ரோ செகண்டுன்னு. யூஎஸ்பிஆஸ்ப்ல பெரிசு போட வேண்டிய இடத்துல சின்னது போட்டு 10-ன்னு குடுத்தா எரர் வராது, வேகமும் குறையாது. மணிக்கணக்கா வயரைச் சந்தேகப்படறது இதனாலதான். அதே மாதிரி சின்ன வி விவரமா சொல்லும். பெரிய வி சரிபார்க்கிற வேலையையே நிறுத்திரும்.

அந்த பிட் கிளாக் எதுக்குன்னா, புது 328பி உள்ளுக்குள்ள 8 மெகாஹெர்ட்ஸை எட்டால வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ்லதான் வருது. எஸ்சிகே அதுல கால் பங்குக்கும் கீழ இருக்கோணும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ. யூஎஸ்பிஆஸ்ப் தானா எடுக்கிற வேகம் 375. அதனாலதான் புதுச் சிப்புல "டார்கெட் டஸின்ட் ஆன்சர்"னு வருது. பெரிய பாட் பி-க்கு 10 குடுத்தா 93,750 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், சிப் உடனே பதில் சொல்லும். பழைய ஃபர்ம்வேர் இருக்கிற புரோகிராமர்னா "எஸ்சிகே பீரியடை வைக்க முடியல"ன்னு ஒரு எச்சரிக்கை மட்டும் குடுத்துட்டு பழைய வேகத்துலயே போகும். அப்ப புரோகிராமர்ல இருக்கிற ஜேபி3 ஜம்பரைப் போடோணும். அது 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரி ஆமை வேகம், 30 கிலோபைட் ஏறவே 2 நிமிஷம் ஆகும், சரிபார்க்க இன்னொரு 2. ஃபியூஸ் (சிப்போட கிளாக், ரீசெட் மாதிரி அடிப்படை செட்டிங்) எழுத மட்டும் அந்த ஜம்பரை வெச்சுக்கிட்டு, ஃபிளாஷுக்கு (புரோகிராம் உக்கார்ற மெமரி) எடுத்திரலாம்.

சோமனூர்

கணபதிக்காரர் சொன்னது சரிங்க. ஆனா எல்லாத்துக்கும் மின்னாடி ஒண்ணு சொல்லோணும். கண்ட்ரோல் போர்டுல நிறைய ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம, கெப்பாசிட்டர் டிராப்பர்லதான் 5 வோல்ட் எடுக்கறாங்க. அந்தப் போர்டோட கிரவுண்டு மெயின்ஸ்லயே நேரா தொட்டுக்கிட்டு இருக்கும். மெயின்ஸ் குடுத்த நிலையில புரோகிராமரைச் சொருகினா லேப்டாப் போயிரும், தொட்டவங்க உசுருக்கும் ஆபத்து. சப்ளை வயரை முழுசா கழட்டி, கெப்பாசிட்டர் இறங்கின பின்னாடி, 5 வோல்ட்டை புரோகிராமர்ல இருந்தோ பெஞ்ச் சப்ளையில இருந்தோ மட்டும் குடுங்க. 5 வோல்ட் காயில் ரிலே ஒண்ணுக்கே சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். நாலு ரிலே போர்டுன்னா பெஞ்ச் சப்ளைதான் சரி.

அடுத்தது லைன் லோடு. டிஐபி சிப்புல 17, 18, 19-ஆம் கால்தான் மோசி (சிப்புக்குள்ள போற டேட்டா), மிசோ (வெளிய வர்ற டேட்டா), எஸ்சிகே; ரீசெட் 1. இந்தக் காலையே ரிலே டிரைவருக்கும் குடுத்திருந்தா ஹெக்ஸ் ஏறும்போது ரிலே பட்டாணி வறுக்கிற மாதிரி தட்டும். யூஎல்என்2003 ரிலே டிரைவர் ஐசியோட உள்ளீடு இருக்கலாம், அது சுமையாத் தெரியாது. சத்தம் குறையட்டும்னு எஸ்சிகே-ல 100 நானோ ஃபேரட் போட்டிருந்தாத்தான் வேலைக்கு ஆவாது. புரோகிராமிங் ஹெட்டர் சிப்போட காலுக்கு நேராவும், அந்தப் பக்கம் லோடு 1 கிலோ ஓம் வழியாவும் போனா பிரச்சனை இல்லீங்க.

சிக்னேச்சரை, அதாவது சிப் தன்னை அடையாளம் சொல்ற மூணு பைட்டை, வெச்சே எங்க கோளாறுன்னு பாதி கண்டுபிடிச்சிரலாம். மூணு பைட்டும் 00 இல்லைன்னா எஃப்எஃப் வந்தா வயர் அல்லது மிசோ. ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் வந்தா வேகம் அதிகம், இல்லைன்னா கிரவுண்டு லூஸ். எப்பவும் ஒரே எண் வந்து, அது எதிர்பார்த்ததா இல்லைன்னா சிப்பே வேற. 1இ 95 0எஃப்-னா 328பி. 1இ 95 14-னா பி இல்லாத 328. லாட்டுல ரெண்டும் கலந்து வர்றது உண்டு. அப்ப பெரிய எஃப் போட்டு சிக்னேச்சர் சோதனையை மீறாதீங்க, பார்ட் பேரை எம்328-ன்னு மாத்துங்க. பேட்ச் ஃபைல்ல நிரந்தரமா எஃப் உக்காந்திருந்தா, ஒருநாள் வேற சிப்புக்கு இந்தச் சிப்போட ஃபியூஸ் ஏறிரும்.

பெருந்துறை

ஃபியூஸ் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேங்க, ஸ்டார்ட்டர் போர்டுக்கு உசுரே அதுலதான் இருக்குது.

328பி புதுசா வரும்போது லோ ஃபியூஸ் 62, ஹை டி9, எக்ஸ்டெண்டட் எஃப்எஃப். எக்ஸ்டெண்டட் எஃப்எஃப்-னா பிரவுன் அவுட் (வோல்டேஜ் சரிவு) கண்காணிப்பே இல்லைன்னு அர்த்தம். தோட்டத்துல மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் சரியும். சிப்புக்கு வர்ற 5 வோல்ட்டும் ஒரு நொடி தொய்யும். அந்த நேரம் சிப் பாதி உசுரோட ஓடி, செட்டிங் சேமிக்கிற ஈப்ராம்ல கண்டதை எழுதிரும். டைமர் நேரம், டிரை ரன் ஆம்பியர் செட்டிங் எல்லாம் காணாமப் போறதுக்கு இது ஒரு பெரிய காரணம். எக்ஸ்டெண்டடை எஃப்சி ஆக்கினா 4.3 வோல்ட்டுக்குக் கீழ சிப் ரீசெட்லயே நிக்கும். 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் போர்டுக்கு அதுதான் சரி. பழைய ஏவிஆர்டியூட் பதிப்புல இதை எழுதினா எஃப்சி-க்குப் பதிலா 04 படிச்சு வெரிஃபை தப்புன்னு சொல்லும். மேல இருக்கிற பயன்படாத பிட்களை எப்படிக் கணக்கெடுக்குதுங்கறதுதான் வித்தியாசம், சிப்புல ஒண்ணும் இல்லை.

லோ ஃபியூஸ்ல கிரிஸ்டலுக்கு எல்லாரும் எஃப்எஃப் போடறாங்க. கான்டாக்டர் பக்கத்துல உக்கார்ற போர்டுக்கு எஃப்7 போடுங்க. அது ஃபுல் ஸ்விங், இரைச்சலைத் தாங்கும். கிரிஸ்டல் இல்லாத போர்டுக்கு இ2, உள் 8 மெகாஹெர்ட்ஸ் வகுக்காம வரும். கிரிஸ்டல் இல்லாத போர்டுல தெரியாம எஃப்எஃப் எழுதிட்டா சிப் செத்ததா நினைச்சுக் கழட்டிப் போடாதீங்க. வேற போர்டுல இருந்து சதுர அலை 1 மெகாஹெர்ட்ஸ் எடுத்து எக்ஸ்டால்1-ல, அதாவது டிஐபி-ல 9-ஆம் கால்ல குடுத்தா பழையபடி பேசும். ஹை ஃபியூஸ்ல ரீசெட்டை அடைக்கிற மேல் பிட்டைத் தொட்டுட்டா மட்டும் இந்த வழி இல்லை, 12 வோல்ட் பேரலல் புரோகிராமர்தான் வேணும்.

ஹை ஃபியூஸை டி1 ஆக்குங்க. டி9-க்கும் அதுக்கும் ஒரே பிட்தான் வித்தியாசம்: சிப் எரேஸ் பண்ணினாலும் ஈப்ராம் தப்பிச்சுக்கும்.

பொள்ளாச்சி

ஆர்டுயினோ நானோ போர்டுல தனி புரோகிராமர் இல்லாம, சிப்புல ஏற்கனவே இருக்கிற பூட்லோடர் வழியா ஏத்தறவங்களுக்கு மட்டும். கட்டளையில குடுக்க வேண்டிய புரோகிராமர் பேரு ஆர்டுயினோ, பாட் 115200. பழைய பூட்லோடர் இருக்கிற நானோன்னா 57600. வேகம் மாறினா "நாட் இன் சிங்க்"னு பத்துத் தடவை ஓடும். தானா எரேஸ் பண்றதை நிறுத்தற பெரிய டி போட்டிருங்க, பூட்லோடருக்குச் சிப் எரேஸ் பண்ற வழி இல்லை. லினக்ஸ்ல போர்ட்டே திறக்கலைன்னா யூசரை டயல்அவுட் குழுவுல சேர்த்து, வெளிய போய்த் திரும்ப லாகின் பண்ணோணும். ஃபியூஸை இந்த வழியில மாத்த முடியாது.

பீளமேடு

இஎஸ்பி32-ங்கற வைஃபை சிப்புல வேற மாதிரி தப்பு வருதுங்க. அங்க ஃபிளாஷ்ல எந்த முகவரியில எழுதறோம்ங்கறதுதான் முக்கியம். ஹெக்ஸ் எண்ணுல பூட்லோடர் 1000, பார்ட்டிஷன் 8000, ஆப் 10000. இஎஸ்பி32-எஸ்3, சி3 வகையில பூட்லோடர் 0-ல இருந்தே ஆரம்பம். பழைய வரியை அப்படியே எஸ்3-க்கு ஓட்டினா எழுதும், சரிபார்த்துச் சரின்னும் சொல்லும், ஆனா பூட் ஆகாது. லாட் வேலைக்கு மெர்ஜ் பின் கட்டளையால ஒரே ஃபைல் ஆக்கி 0-ல எழுதிருங்க. சாதா இஎஸ்பி32-ல ஜிபிஐஓ12-ல ரிலேயோ புல் அப்போ இருந்தா ஃபிளாஷ் வோல்டேஜையே தப்பா எடுத்துக்கும், அந்தக் காலை விட்டிருங்க.

கணபதி, கோவை

பெருந்துறைக்காரர் சொன்ன ஃபியூஸையும் ஃபிளாஷையும் ஒரே வரியில போட்டு வேகமா ஏத்தப் பார்க்காதீங்க. புது ஃபியூஸ் புரோகிராமிங் முடிஞ்சு வெளிய வந்த பின்னாடிதான் வேலைக்கு வரும். அது வரைக்கும் சிப் 1 மெகாஹெர்ட்ஸ்தான். அதனால மூணு தடவை தனித்தனியா கூப்பிடோணும்.

முதல் தடவை பிட் கிளாக் 10, மூணு ஃபியூஸ் மட்டும். மதிப்பை நேரா குடுக்கறதால கடைசி எழுத்து எம். ரெண்டாவது தடவை பிட் கிளாக் 1, ஃபிளாஷ் எழுதி வெரிஃபை. யூஎஸ்பிஆஸ்ப் 750 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கும். ஹெக்ஸ் ஃபைலுக்கு கடைசி எழுத்து ஐ. போர்டு வரிசை எண் வேணும்னா இதுலயே ஈப்ராமுக்கு எம் போட்டு, பைட்டுகளைக் கமாவால பிரிச்சுக் குடுக்கலாம். மூணாவது தடவை லாக் (சிப்பைப் பூட்டற பைட்) எஃப்சி. லாக் விழுந்த பின்னாடி ஃபிளாஷைப் படிக்க முடியாது, ஃபியூஸையும் மாத்த முடியாது. அதனால அது எப்பவும் கடைசி.

ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் பேட்ச் ஃபைல்ல எரர்லெவல் 1-ஐப் பார்த்து நிறுத்துங்க. ஏவிஆர்டியூட் தோத்தா பூஜ்யம் இல்லாத எண்ணைத்தான் திருப்பிக் குடுக்கும். அதைப் பார்க்காத ஃபைல் அடுத்த வரிக்குப் போய், காலிச் சிப்புக்கு லாக் போட்டு பாஸ்னு காட்டிரும். சின்ன எல் போட்டு லாக் ஃபைல் எழுதி வெச்சா, எந்தப் போர்டு எங்க நின்னுச்சுன்னு சாயங்காலம் பார்க்கலாம்.

சோமனூர்

லாக் போட்ட போர்டு சர்வீஸுக்குத் திரும்பி வந்தா சின்ன இ போட்டு எரேஸ் பண்ணினா லாக் கழண்டுரும்ங்க, புது ஹெக்ஸ் ஏத்தலாம். டி1 இருந்தா விவசாயி வெச்ச டைமர் செட்டிங் அப்படியே இருக்கும். டி9-லயே விட்டு, லாக்கும் போடாத போர்டுன்னா, எரேஸுக்கு மின்னாடி ஈப்ராமை ஒரு ஃபைல்ல படிச்சு வெச்சுக்கிட்டு, பின்னாடி திரும்ப எழுதுங்க. எஃப்சி லாக் இருக்கும்போது வெளியில இருந்து ஈப்ராமையும் படிக்க முடியாது. அதனால டி9, லாக் ரெண்டும் இருக்கிற போர்டுக்கு மட்டும் எரேஸுக்கு மின்னாடியே சப்ளை குடுத்து, டிஸ்ப்ளேல தெரியற செட்டிங்கைப் பேப்பர்ல குறிச்சு வெச்சுக்கோங்க.